நாற்பத்திரண்டு என்று எழுதினேன்

போன மாதம் ஒரு காலையில், நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் ஃபோன் பண்ணினாள். புதிதாகச் சேர்ந்தவள்.

"மேடம், மூச்சு வழியா இழுக்கிற ஐலோபிராஸ்ட் உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க. இங்க யாரும் கொடுத்துப் பழக்கம் இல்ல. இப்ப ஒரு பேஷண்டுக்கு எழுதியிருக்காங்க."

சொன்னேன். மருந்துக்கு முன்னால் ஒரு பிபி, முடிந்ததும் ஒன்று, கால் மணி கழித்து ஒன்று. உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், உடனே எழுந்து நிற்கக் கூடாது. முகம் சிவக்கும், இருமல் வரும், தாடை வலிக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு மணி நேர இடைவெளி கட்டாயம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவள் கடைசியில் கேட்டாள்.

"நீங்க எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கீங்க மேடம்?"

"ஒருத்திக்கு."

"அவங்க நல்லாயிட்டாங்களா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவள் கேட்டதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வேலூரில் நர்ஸிங் முடித்துவிட்டு 1989-ல் திருவண்ணாமலைக்கு வந்தேன். இருபது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம், பாம்புக்கடி, பௌர்ணமிக் கிரிவலத்துக்கு மறுநாள் கால் வீங்கி வருகிற கூட்டம் என்று முதல் வருஷங்கள் ஓடிப்போயின. அந்த வருஷங்களில் நான் கற்றது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது அங்கே பெரிய டாக்டராக இருந்த டாக்டர் சம்பந்தம் கற்றுக்கொடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். நான் எழுதி வைத்த சார்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். எட்டு நோயாளிகள், எட்டுப் பேருக்கும் மூச்சு நிமிஷத்துக்கு இருபது என்று எழுதியிருந்தேன். எல்லா நர்ஸும் அப்படித்தான் எழுதுவார்கள்.

"எண்ணினியா, எழுதினியா?" என்றார்.

அவர் என்னை ஒரு கட்டிலுக்குக் கூட்டிப்போய் நோயாளியின் மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னார். நாடி பார்ப்பது போலவே பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் கண் நெஞ்சின் மேல் இருக்க வேண்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மனுஷன் மூச்சை மாற்றிக்கொள்வான். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, முழு நிமிஷம். அவர் அதிகம் பேச மாட்டார். திட்டவும் மாட்டார். நோயாளிக்கு ஆறுதலாக ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டார். அதனாலேயே பலர் அவரிடம் வரப் பயப்பட்டார்கள். கையெழுத்து மோசம் என்பதால் கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல எங்களில் ஒருத்தி எழுதுவாள். கீழே கையெழுத்து மட்டும் அவர் போடுவார்.

அமுதா எங்கள் ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது 2002-ல். அடி அண்ணாமலை கிராமத்துப் பெண், வயது இருபத்திரண்டு. அப்பா இல்லை. அம்மா பச்சையம்மா அரை ஏக்கரில் சாமந்தி போட்டு, அதில் இரண்டு பெண்களைப் படிக்க வைத்திருந்தார். அமுதா பி.எஸ்சி. முடித்து ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். மாடியில் இருக்கிற வகுப்புக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தாள். டாக்டர் சம்பந்தம் அந்த நேரம் ஊரில் இல்லை. பார்த்த டாக்டர் வீசிங் என்றார்; பிறகு அவள் வந்தபோதெல்லாம் அவரே பார்த்தார். நான் நெபுலைசர் வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை அவளுக்கு நெபுலைசர் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவைகூட அவளுக்குக் கேட்கவில்லை. "இப்ப பரவால்ல சிஸ்டர்" என்று மட்டும் சொல்வாள். நான் வருத்தப்படக் கூடாது என்று சொல்வாள்.

2004-ல் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். அன்றைக்கு டாக்டர் சம்பந்தம்தான் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே இல்லை. ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பச் சொல்லி, பக்கத்தில் நின்று அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு காது வரைக்கும் புடைத்துத் துடித்தது. பிறகு காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது.

"இது மூச்சுக்குழாய் சமாச்சாரம் இல்ல, ரத்தக்குழாய்," என்றார். "ரெண்டு வருஷமா தப்பான கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கோம்."

எக்கோ எடுத்ததும் உறுதியாயிற்று. இதயத்தின் வலது பக்கம்தான் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. நுரையீரலுக்குள் இருக்கிற சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கித் தடித்துப்போனால் அங்கே அழுத்தம் ஏறும். கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிபியில் அது தெரியாது. இதயம் முட்டி முட்டித் தள்ளும், பிறகு களைத்துப்போகும். ஏன் வருகிறது என்று பல பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை. அமுதாவுக்கும் கிடைக்கவில்லை.

ரத்தக்குழாயை விரிக்கிற மாத்திரையை வார்டில் வைத்தே கொடுத்துப் பார்த்தோம். முக்கால் மணியில் பிபி எழுபதுக்கு இறங்கி, கண் செருகிவிட்டது. காலை உயர்த்திப் பிடித்து, குளுக்கோஸ் ஏற்றி மீட்டோம். "மாத்திரைக்கு நுரையீரல் எது, உடம்பு எதுன்னு தெரியாது. எல்லாத்தையும் தெறந்து விட்டுடும்," என்றார் டாக்டர். பிறகு சென்னை நிபுணர் சொல்லி சில்டெனாஃபில் ஆரம்பித்தோம்; ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், நுரையீரல் குழாயையும் விரிக்கும். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது ஆம்பளைங்களுக்குக் கொடுக்கறதாச்சே, பொண்ணு பேருக்கு எழுதியிருக்காங்க?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறார். பச்சையம்மா அழுதுகொண்டே திரும்பி வந்தார். அதன் பிறகு நானே போய் வாங்கிவந்தேன். அது கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. அவ்வளவுதான்.

அந்த வருஷம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஹெல்கா என்று ஒரு ஜெர்மன்காரம்மா அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவருக்கும் இதே நோய். ரத்தம் எடுக்க வாரம் ஒரு முறை நான் போவேன். டிபன் டப்பா அளவில் ஒரு கருவி வைத்திருந்தார். அதில்தான் முதன்முதலில் ஐலோபிராஸ்ட்டைப் பார்த்தேன். ஊசி மருந்து போலக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும். கருவி அதைப் புகையாக்கும், அதை வாய் வழியாக இழுக்க வேண்டும். காற்று போகிற இடத்துக்கு மட்டும் மருந்து போகும், அங்கே இருக்கிற குழாய்களை மட்டும் விரிக்கும். நாளுக்கு ஆறு தடவை. தாடை வலித்தால் அவர் ஒரு பிஸ்கெட்டை மென்றுகொண்டே பேசுவார்.

ஒரு நாள் ஹெல்கா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, வராண்டா பெஞ்சில் அமுதா உட்கார்ந்திருந்தாள். ஹெல்கா அவளையே பார்த்தார். தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, அமுதாவின் உதட்டைக் காட்டினார். இரண்டு பேருக்கும் ஒரே நீலம். அமுதா சிரித்தாள். பாஷை புரியாமலே இருவரும் அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஹெல்காவுக்கு நிமோனியா வந்தது. நான்காம் நாள் மத்தியானம் எங்கள் வார்டிலேயே இறந்துபோனார். அதற்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்திருந்தார்: மிச்சமிருக்கிற மருந்தும் கருவியும் அந்தப் பெண்ணுக்கு. ஜெர்மனியிலிருந்து ஃபோனில் பேசிய அவருடைய தங்கையும் சரி என்றார்.

எட்டுப் பெட்டி, பெட்டிக்கு முப்பது குப்பி.

டாக்டர் இரண்டு நாள் யோசித்தார். சென்னை நிபுணரிடம் பேசினார். பிறகு அமுதாவையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஆறு தடவைன்னா நாப்பது நாளுக்கு வரும். நம்ம ஊர்ல இது கிடைக்காது. சென்னையில ஒரு அறக்கட்டளை மூலமா வரவழைக்க முடியும்ங்கறாங்க. நாலு வாரம் முழு அளவுல கொடுத்து, பலன் இருக்குன்னு நான் எழுதிக் காட்டணும். கிடைச்சா தொடரலாம். கிடைக்கலன்னா மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்தணும். திடீர்னு நிறுத்தினா முன்ன இருந்ததைவிட மோசமாயிடும். உயிருக்கே ஆபத்து. யோசிச்சுச் சொல்லுங்க."

பச்சையம்மா மகளைப் பார்த்தார். அமுதா கேட்டாள்.

"நாப்பது நாள் மூச்சு விடலாமா சார்?"

"விடலாம்."

"அப்ப கொடுங்க சார்."

முதல் மருந்தை நான்தான் கொடுத்தேன். குப்பியின் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, கருவியின் கிண்ணத்தில் விட்டேன். பல்லுக்கு நடுவில் குழாயைக் கடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தாள். டாக்டர் பக்கத்தில் நின்று பிபி பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷம். கன்னம் சிவந்தது. இருமினாள். பிறகு குழாயை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, நாளைக்கு வரும்போது என் நீலக் கலர் சுடிதாரையும் சீப்பையும் எடுத்துக்கினு வா, மறந்துடாத."

நடுவில் நிறுத்தாமல் சொன்னாள். மூன்று சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிப் பேசுகிற பெண். பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு வாரம் வார்டில் வைத்திருந்து, பழக்கிவிட்டு, வீட்டுக்கு அனுப்பினோம். டாக்டர் ஒரு பதிவேடு போடச் சொன்னார். வாரா வாரம் திங்கட்கிழமை அமுதா காலிக் குப்பிகளைக் கொண்டுவர வேண்டும். நான் எண்ணி எழுத வேண்டும். வாரத்துக்கு நாற்பத்திரண்டு. வராண்டாவில் ஆறு நிமிஷம் நடக்க வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எத்தனை நடை என்று குறிப்போம். மருந்துக்கு முன் ஒன்பது நடை. இரண்டாவது வாரம் பதினைந்து நடை நடந்தாள். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பதினைந்து வருஷத்தில் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை எண்ணினேன். முப்பத்தைந்து.

"ஏழு கம்மியா இருக்கே அமுதா?"

"குப்பையில போயிருக்கும் சிஸ்டர்."

அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத முகம். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். சொன்னாள். தங்கை சுமதிக்கு வரன் கூடி வந்திருக்கிறது. போளூர்ப் பக்கம், நல்ல இடம். கல்யாணம் இன்னும் ஐந்து வாரத்தில். அதற்குள் மருந்து தீர்ந்துவிடும்.

"அவங்களுக்கு என்னைப் பத்தித் தெரியாது சிஸ்டர். அக்காவுக்கு வேலைக்குப் போற ஆசை, அதான் இன்னும் கட்டிக்கலன்னு சொல்லியிருக்கோம். கல்யாணத்தன்னிக்கு நான் உதடு நீலமா மூலையில சாஞ்சினு இருந்தா, சீக்குக் குடும்பம்னு நெனப்பாங்க. நாளைக்கு அவ கொழந்தைக்கும் வரும்பாங்க. அந்த ரெண்டு மூணு நாள் நான் நின்னா போதும். அதுக்குத்தான் எடுத்து வைக்கிறேன். இது என் யோசனைதான். சாரண்ட சொல்லிடாதீங்க. கால்ல வுழறேன்."

விழவும் குனிந்தாள். குனிந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன். "ஒரு நாளைக்கு ஒண்ணுதானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதிவேட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

நான்காவது வாரம் இருபத்தெட்டுக் குப்பிதான் வந்தது. அதற்கும் நாற்பத்திரண்டு என்று எழுதினேன். அன்றைக்கு வராண்டாவில் அவள் பத்து நடைதான் நடந்தாள். பத்தாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். நடைக் கணக்கைப் பார்த்தார். மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார். அன்று சாயங்காலம் சென்னைக்குக் கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டார்.

"முழு அளவில் நான்கு வாரம் கொடுத்தும், முதலில் கண்ட முன்னேற்றம் நிலைக்கவில்லை. நோயாளி பழைய நிலைக்கே திரும்பிவருகிறார்."

என் பேனா நின்றது.

"என்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். பேனா எழுதல."

அவர் தன் பேனாவைக் கொடுத்தார். நான் எழுதி முடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஏன் அப்போது சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு பெண்ணின் கல்யாணம், நான்கு வாரம் போனால் சொல்லிவிடலாம் என்று. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்தது பயம். பொய் எழுதியவள் என்று அவர் என்னைப் பார்ப்பாரே என்கிற பயம். வேறொன்றும் இல்லை.

பத்து நாளில் பதில் வந்தது. மருந்து நிலைத்த பலன் தராத நோயாளிக்கு வரவழைத்துத் தர இயலாது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். டாக்டர் அமுதாவைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். மிச்சத்தை நாளுக்கு நாலு, மூன்று, இரண்டு என்று குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அவள் சரி சார், சரி சார் என்று கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து என்னிடம், "விடுங்க சிஸ்டர், அந்த மருந்து எனக்குக் கேக்கல போல," என்றாள். நான்கு வாரமும் முழுதாகப் போட்டிருந்தால் கேட்டிருக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மண்டப வாசலில் நின்று பன்னீர் தெளித்தாள். சேர்த்து வைத்ததையெல்லாம் முந்தின நாளிலிருந்தே முழு அளவில் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வரும்போது கன்னம் சிவந்திருக்கும். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "பெரிய பொண்ணு முகத்தப் பாருங்க, இன்னா களை. இவளுக்குத்தான் இன்னிக்குக் கல்யாணம்போல இருக்கு," என்றார். அமுதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, செய்தது சரிதான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

மறுவீட்டு விருந்தும் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குத் திரும்பும் வரை மருந்து வந்தது. அதோடு தீர்ந்துபோயிற்று. குறைக்கவும் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாம் நாள் காலை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு மட்டுமில்லை, நகம், காது எல்லாம் நீலம். ஆக்ஸிஜன் வைத்தோம். சில்டெனாஃபில் கொடுத்தோம். பிபி பார்த்தால் துடிப்பே கேட்கவில்லை. டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றார். என்னால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது. மூச்சு நாற்பதைத் தாண்டியது, பிறகு குறைந்துகொண்டே வந்தது. பதினொரு மணிக்கு நின்றுவிட்டது. இருபத்துநான்கு வயது.

மறுநாள் டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டை அவர் முன்னால் வைத்து, உண்மையான எண்களைச் சிவப்பு மையால் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். சிவப்பு எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, யாரையும் கூப்பிடாமல், அவரே எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக, படிக்க முடிகிற மாதிரி, மெதுவாக எழுதினார். சென்னைக்குத்தான். முந்தைய கடிதம் தவறு. மருந்து பலன் தந்தது. குறைந்த அளவில் எடுத்துக்கொண்டதால்தான் முன்னேற்றம் நிற்கவில்லை. நோயாளி இறந்துவிட்டார்.

"இப்ப எதுக்கு சார்?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"இந்த மருந்து கேக்காதுன்னு அங்க ஒரு ஃபைல்ல இருக்கு. அதைப் பார்த்து இன்னொரு பொண்ணுக்குக் கொடுக்காம விட்டுட்டா?" என்றார். தாளை மடித்துக்கொண்டே, "உங்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். நாளைக்கு ட்யூட்டிக்கு வாங்க," என்றார். அதுவரை என்னை நீ, வா என்றுதான் பேசுவார். அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை நீங்கள் என்றுதான் பேசினார்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். பச்சையம்மா சாமந்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்தோம். அவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சொன்னேன். அமுதா மருந்தை ஒளித்தது எனக்குத் தெரியும் என்றும், மறைத்து எழுதினேன் என்றும், அதனால்தான் சென்னையில் தரவில்லை என்றும் சொன்னேன்.

அவர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ யோசனைன்னா சொன்னா உங்களண்ட?"

"ஆமாம்மா."

"இல்ல சிஸ்டர். நான்தான் கேட்டேன். தங்கச்சிக்காக நாளுக்கு ஒண்ணு கொறைச்சுக்கோடின்னேன். அப்புறம் ரெண்டா கொறைன்னேன். அரிசி டிரம்முல எடுத்து வச்சது நான். அவ ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல." முழங்கையால் கண்ணைத் துடைத்தார். "உங்களண்டகூட என்னைக் காட்டிக் கொடுக்கல பாருங்க."

"நான் அப்பவே வந்து தடுத்திருக்கணும்மா," என்றேன்.

"தடுத்திருந்தா நான் உங்களைக் கேவலமா திட்டியிருப்பேன். எங்க குடும்ப விஷயத்துல தலையிடாதன்னு சொல்லியிருப்பேன்."

மண்வெட்டியைக் கையில் எடுத்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்:

"வாங்கிக்கினு இருந்திருக்கலாமே சிஸ்டர், அந்தத் திட்டை."

எழுந்து மடை மாற்றப் போய்விட்டார்.